அலெக்சாண்டர் கெட்லர்: விஷத்தைத் தேடும் முன் விஷமில்லாததைத் தேடியவர்



முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்பை ஞாபகப்படுத்திக்கோங்க. டைட்ரேஷன் செய்யும்போது, சாம்பிளே போடாமல் ஒரு ரீடிங் எடுக்கச் சொல்வாங்க. பேர் பிளாங்க். எதுவுமே இல்லாததை எதுக்கு அளக்கணும்னு தோணும். ரெக்கார்டு நோட்டில் அதுக்கு ஒரு கட்டம் இருக்கும், ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு நிரப்பிட்டுப் போறவங்களும் உண்டு.

நம்ம லேப்பில் அதனால் போகிறது ஒரு மார்க், அவ்வளவுதான். ஆனால் ஒரு மரணத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய லேப்பில்? 1859ல் இங்கிலாந்தில் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்ற டாக்டர் மீது ஒரு கொலை வழக்கு. அந்த நாட்டின் பெரிய விஷ நிபுணரான ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர், அவரிடமிருந்து எடுத்த ஒரு பாட்டிலில் ஆர்சனிக் இருக்கிறது என்று முதலில் சொன்னார். பிறகு பார்த்தால், அந்த ஆர்சனிக் வந்தது டெய்லர் சோதனைக்குப் பயன்படுத்திய செம்பிலிருந்தே! கோர்ட்டில் அதை அவரே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அப்படியும் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, மன்னிப்பு வந்ததால்தான் ஆள் பிழைத்தார். செம்பை மட்டும் தனியாக ஒரு தடவை சோதித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்த இதழில் நாம பார்க்கப்போற மனிதர், அந்த "ஒரு தடவை தனியாக" என்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். அலெக்சாண்டர் கெட்லர். நியூயார்க் நகரத்தின் விஷ ஆய்வுக்கூடத்தை 1918 முதல் 40 வருஷத்துக்கும் மேல் நடத்தியவர். அமெரிக்காவில் தடயவியல் நச்சியல் என்ற துறைக்கே இவரைத்தான் தந்தை என்பார்கள்.

1883ல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் கலீசியாவில் பிறந்தார். சின்னப் பையனாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்கா வந்து புரூக்ளினில் குடியேறியது. வசதி கிடையாது. நியூயார்க்கின் சிட்டி காலேஜில் படித்தார், பிறகு கொலம்பியாவில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி. படிப்புச் செலவுக்கு ராத்திரி நேரத்தில் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. 1912ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் பெல்வியூ ஆஸ்பத்திரியில் கெமிஸ்ட். அங்கேயே ரிட்டயர் ஆகியிருந்தால் நமக்கு இவர் பெயரே தெரிந்திருக்காது.

இப்போ கொஞ்சம் நியூயார்க் அரசியலுக்கு வருவோம், ஏன்னா அது இல்லாமல் லேப் புரியாது. அந்த நகரத்தில் சந்தேக மரணங்களை விசாரிக்கும் பொறுப்பு கொரோனர் என்ற அதிகாரிகளிடம் இருந்தது. அது தேர்தல் மூலம் வரும் பதவி. மருத்துவம் தெரிந்திருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. 1915ல் லியோனார்ட் வால்ஸ்டீன் என்ற நகரக் கணக்கு ஆணையர் இவர்களை விசாரித்து ஒரு அறிக்கை கொடுத்தார். கொரோனர் பதவியில் இருந்தவர்கள் யார் யார்னு பார்த்தால் பிளம்பர், பால்காரர், தச்சர், சாராயக்கடை நடத்தியவர், சவப்பெட்டித் தொழில் செய்தவர்! மரணச் சான்றிதழில் வாய்க்கு வந்த காரணம். லஞ்சம் தாராளம். விஷம் வைத்துக் கொன்றவன் அகப்படுவதே அபூர்வம், ஏன்னா யாரும் தேடவே இல்லை.

அறிக்கைக்குப் பிறகு சட்டம் மாறியது. 1918 முதல் தலைமை மருத்துவப் பரிசோதகர் என்ற பதவி, அதுக்குத் தேர்வு, தகுதி எல்லாம் வந்தது. முதல் ஆளாக வந்தவர் சார்லஸ் நோரிஸ். பணக்காரக் குடும்பத்து மனிதர், ஐரோப்பாவில் பயிற்சி பெற்ற நோயியல் டாக்டர். வந்தவுடன் அவர் எடுத்த முடிவுதான் முக்கியம்: பிரேதப் பரிசோதனை மட்டும் போதாது, பக்கத்திலேயே ஒரு விஷ லேப் வேணும். பெல்வியூவில் இருந்த கெட்லரைக் கூப்பிட்டார்.

மேனேஜ்மென்ட் பேப்பர் படிக்கிற நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிங்க. மேயர் ஜான் ஹைலனுக்கு நோரிஸை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. பட்ஜெட் எப்போதும் இழுபறி. நோரிஸ் தன் சொந்தக் காசைப் போட்டு ஆபீசுக்கும் லேப்புக்கும் சாமான் வாங்கினார். கெட்லர் பெல்வியூ வேலை, லேப் வேலை, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கும் வேலை என்று மூணு குதிரையில் ஓடினார். குதிரை என்றதும் ஞாபகம் வருது, ரேஸ் பந்தயம் அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். கணக்கு பார்த்தே வாழ்ந்த மனிதர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்கிறார்.

சரி, லேப்புக்குள் போவோம். வேலை என்ன? பிரேதத்திலிருந்து எடுத்த கல்லீரல், மூளை, வயிறு, நுரையீரல் துண்டுகள் ஜாடியில் வரும். உள்ளே என்ன விஷம், எவ்வளவு என்று சொல்லணும். இன்றைக்கு நமக்கு கேஸ் குரோமட்டோகிராஃப், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாம் இருக்கு. அவருக்கு இருந்தது குடுவை, பர்னர், நிறம் மாறும் வினைகள், நிறமாலைமானி. உறுப்பை அரைத்து, வேகவைத்து, காய்ச்சி வடித்து, கரைப்பானில் பிரித்து எடுக்கணும். ஒரு கேஸுக்கே நாள் கணக்கில் ஆகும்.

இதைவிடப் பெரிய தலைவலி வேறு. புத்தகத்தில் இருக்கும் சோதனைகளில் பல, சுத்தமான கண்ணாடிக் குடுவையில் சுத்தமான விஷத்தை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டவை. அழுகிய கல்லீரலில் அது வேலை செய்யுமா? செய்தால் எவ்வளவு குறைந்த அளவு வரை? விஷமே இல்லாத கல்லீரலும் அதே நிறத்தைக் காட்டிவிடுமா? இதுக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. கெட்லர் கறிக்கடைக்குப் போவார். மாட்டுக் கல்லீரல் வாங்கி வருவார். துண்டு போட்டு, ஒவ்வொன்றிலும் தெரிந்த அளவு விஷத்தைச் செலுத்தி, எந்த அளவு வரை தன் சோதனை அதைத் திரும்பக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பார். இப்போ தரக்கட்டுப்பாட்டில் ஸ்பைக்டு சாம்பிள், ரெக்கவரி, டிடெக்‌ஷன் லிமிட் என்று அழகான பெயர்களில் சொல்கிறோமே, அதேதான். ஐஎஸ்ஓ 17025 பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால், கறிக்கடை ஈரலில்.

1920ல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. குடி நின்றதா? ரகசியமாகப் போனது. கள்ளச்சாராயத்தில் மெத்தில் ஆல்கஹால் கலந்து வந்தது. 2024ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அதே மெத்தனால்தான். உடம்புக்குள் போனதும் ஃபார்மால்டிஹைடாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாறி, கண்ணைக் கெடுத்து, ஆளைக் கொல்லும்.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் பாருங்க. பெரும்பாலான சோதனைகளில் மெத்தனாலை ஆக்சிஜனேற்றம் செய்து ஃபார்மால்டிஹைடாக்கி, அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். ஆனால் பிணத்தைக் கெடாமல் வைக்க ஊற்றும் ஃபார்மலின் என்பதே ஃபார்மால்டிஹைடுதானே! சாதாரண எத்தில் ஆல்கஹாலும் சில முறைகளில் குட்டையைக் குழப்பும். கெட்லர் என்ன செய்தார்? தனக்குப் பிடித்த ஒரு முறையை எடுத்துக்கொண்டு உட்காரவில்லை. அதுவரை வெளிவந்திருந்த 58 முறைகளை எடுத்துப் பரிசீலித்தார். நூற்றுக்கணக்கான மது சாம்பிள்கள், நூற்றுக்கணக்கான மனித உறுப்புகள் என்று ஓட்டிப் பார்த்து, எது நம்பத்தக்கது, எது பொய் சொல்லும் என்று 1920ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 58! நம்மில் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு லிட்ரேச்சர் சர்வே எழுதும் யாரும் இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கலாம்.

இந்த வேலைக்கு ஒரு அரசியல் விளைவும் இருந்தது. தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் திருடிக் குடிக்கக் கூடாது என்று மத்திய அரசு அதில் மெத்தனாலையும் மற்ற விஷங்களையும் கூடுதலாகக் கலக்க உத்தரவிட்டது. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் பெல்வியூவுக்கு ஆட்கள் வரிசையாக வந்தார்கள், பலர் செத்தார்கள். நோரிஸ் பத்திரிகைகளைக் கூப்பிட்டு, விஷம் என்று தெரிந்தே கலக்கும் அரசாங்கம்தான் இந்தச் சாவுகளுக்குப் பொறுப்பு என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அரசு அதிகாரி ஒருவர் அரசையே நோக்கி விரல் நீட்டுகிறார் என்றால் கையில் இருக்கும் எண்கள் அசையாததாக இருக்கணும். அவை மூணாவது மாடியில் இருந்த கெட்லரின் லேப்பிலிருந்து வந்தவை.

"இல்லாததை அளப்பது" என்று தொடங்கினேன் இல்லையா, அதுக்கு எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ரேடியம் கேஸ். நியூ ஜெர்சியில் ஒரு கம்பெனி, கடிகார முகப்பில் இருட்டில் ஒளிரும் ரேடியம் பெயின்ட் பூசும் வேலைக்குப் பெண்களை வைத்திருந்தது. பிரஷ் நுனி கூர்மையாக இருக்க அதை உதட்டில் வைத்துச் சரிசெய்யணும் என்று கற்றுக்கொடுத்தார்கள். பெண்களின் தாடை எலும்பு நொறுங்க ஆரம்பித்தது. 1922ல் அமீலியா மேகியா என்ற பெண் இறந்தபோது சான்றிதழில் சிஃபிலிஸ் என்று எழுதினார்கள். சாவோடு அவமானமும் சேர்ந்தது. ஐந்து வருஷம் கழித்து, நோயுற்ற மற்ற பெண்கள் வழக்குப் போட்டபோது, அமீலியாவின் உடலைத் தோண்டி எடுத்தார்கள். எலும்புகள் கெட்லரிடம் வந்தன.

எலும்புகளைச் சலவைச் சோடாக் கரைசலில் வேகவைத்துச் சுத்தம் செய்தார்கள். பிறகு இருட்டறையில், கறுப்புத் தாள் சுற்றிய எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். எலும்பில் கதிர்வீச்சு இருந்தால் தாளைத் தாண்டி ஃபிலிமில் பதியும். இதோடு நிறுத்தியிருந்தாலே கோர்ட்டில் காட்ட ஒரு படம் கிடைத்திருக்கும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார்? எல்லா எலும்பும் இப்படிப் பதியாது என்று எப்படித் தெரியும் என்றுதானே? அதனால் ரேடியத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு உடலின் எலும்புகளையும் அதே மாதிரி வேகவைத்து, அதே மாதிரி ஃபிலிமோடு கட்டி, அதே இருட்டில் பக்கத்தில் வைத்தார்கள். சுமார் பத்து நாள். அமீலியாவின் எலும்பு வைத்த ஃபிலிமில் புள்ளி புள்ளியாக வெளிச்சம். மற்றதில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாத ஃபிலிம்தான் முதல் ஃபிலிமுக்கு அர்த்தம் கொடுத்தது. 1928ல் கம்பெனி சமரசத்துக்கு வந்து இழப்பீடு கொடுத்தது. செத்து ஐந்து வருஷம் கழித்து அமீலியா மேல் இருந்த பழியும் நீங்கியது.

கார்பன் மோனாக்சைடு விஷயத்திலும் இதே புத்திதான். 1926ல் புரூக்ளினில் ஃபிரான்செஸ்கோ டிராவியா என்ற துறைமுகத் தொழிலாளி, ஒரு பெண்ணின் உடல் பாகங்களை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போகும்போது போலீஸிடம் மாட்டினான். வெட்டியவன் அவன்தான், அதில் சந்தேகமே இல்லை. போலீஸுக்குக் கேஸ் முடிந்தது. ஆனால் அந்த உடலின் செந்நிறத்தைப் பார்த்த நோரிஸ் இது கொலை இல்லை என்றார். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருந்தது. செத்த உடம்பு மூச்சு விடாது. அப்படியென்றால் வாயுவை இழுத்தபோது அவள் உயிரோடு இருந்திருக்கிறாள், வெட்டு அதுக்குப் பிறகு. அடுப்பில் வைத்த காபி பொங்கிச் சுடரை அணைத்திருக்கிறது, எரியாத வாயு அறை முழுக்கப் பரவியிருக்கிறது. அவள் செத்துக் கிடந்ததைப் பார்த்து, தான்தான் கொன்றுவிட்டோம் என்று பயந்து உடலை அப்புறப்படுத்த வெட்டியிருக்கிறான். கொலைக் குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவனை விடுவித்தது, உடலைச் சிதைத்ததற்கு மட்டும் தண்டனை.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. நகரத்தில் வாழும் சாதாரண மனிதனின் ரத்தத்திலேயே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு இருக்குமே, கார் புகை எல்லாம் சேர்ந்து? எவ்வளவு இருந்தால் சாதாரணம், எங்கிருந்து சந்தேகம்? இதுக்காக நியூயார்க் நகரவாசிகள், கிராமப்புறத்து ஆட்கள், நாளெல்லாம் ரோட்டில் நிற்கும் தெருக்கூட்டும் தொழிலாளர்கள் என்று உயிரோடிருப்பவர்களின் ரத்தத்தை அளந்து 1933ல் வெளியிட்டார். கிராமத்தில் குறைவு, நகரத்தில் அதிகம், தெருக்கூட்டுபவர்களிடம் அதையும்விட அதிகம். அதே மாதிரி, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவரின் உடம்பிலும் மிக நுண்ணிய அளவு எத்தில் ஆல்கஹால் இயற்கையாகவே இருக்கிறது என்பதை 1932ல் சக ஆய்வாளர்களோடு பிரித்தெடுத்துக் காட்டினார். இனி யாராவது கோர்ட்டில் ஒரு எண்ணை நீட்டினால், எதோடு ஒப்பிடணும் என்று ஒரு அடித்தளம் கிடைத்தது.

எல்லாமே வெற்றி இல்லை. 1922ல் புரூக்ளின் ஹோட்டல் ஒன்றில் வயதான தம்பதி இறந்து கிடந்தார்கள். சயனைடு வயிற்றில் இல்லை, நுரையீரலில் இருந்தது, அதாவது சாப்பிடவில்லை, சுவாசித்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் பூச்சி மருந்தாக விட்ட சயனைடு வாயு மேலே ஏறியிருக்கிறது. வேதியியல் தெளிவாக இருந்தும் குற்றம் சாட்டப்பட்டவர்களை ஜூரி விட்டுவிட்டது. நீரில் மூழ்கி இறந்தாரா என்று தெரிந்துகொள்ள, இதயத்தின் இடது வலது அறைகளில் குளோரைடு அளவை ஒப்பிடும் சோதனை ஒன்றை 1921ல் கெட்லர் கொண்டுவந்தார். ரொம்பக் காலம் அவர் பெயராலேயே வழங்கியது. பிற்காலத்தில் மற்றவர்கள் அதைச் சோதித்து, நம்ப முடியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர் மற்றவர்களின் 58 முறைகளுக்குச் செய்ததை அடுத்த தலைமுறை அவர் முறைக்குச் செய்தது. இது அவருக்கு அவமானம்னு எனக்குத் தோணலை.

இப்போ 1935க்கு வருவோம். புரூக்ளினில் ஃபிரெடரிக் கிராஸ் என்ற கணக்கெழுத்தர். சில வாரங்களுக்குள் அவருடைய நாலு பிள்ளைகளும் மனைவியும் அடுத்தடுத்து இறந்தார்கள். பிள்ளைகளுக்கு முடி கொட்டியிருந்தது. தாலியம்! அந்தக் காலத்தில் எலி மருந்தில் கிடைத்த உலோகம். வேலை செய்த இடத்திலிருந்து எடுத்து வந்து கோகோ பானத்தில் கலந்து குடும்பத்தையே கொன்றார் என்று போலீஸ் கிராஸைக் கைது செய்தது. பெரிய குடும்பம், சின்னச் சம்பளம், காரணமும் தயார். பத்திரிகைகள் தீர்ப்பே எழுதிவிட்டன. நிரூபணமானால் மின்சார நாற்காலி.

கெட்லர் ஐந்து உடல்களையும் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றில் இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளவில்லை. தாலியம் நிறமாலையில் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும், 1861ல் அந்தத் தனிமம் கண்டுபிடிக்கப்பட்டதே அந்தக் கோட்டை வைத்துத்தான். செம்பும் சுடரில் பச்சை காட்டும், அதனால் நிறத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, கோடு எங்கே விழுகிறது என்று பார்க்கணும். நாலு பிள்ளைகளிடமும் தாலியம் இருந்தது. தாயிடம் இல்லை, அவர் இறந்தது மூளைக் காய்ச்சலால். கோகோவையும் சோதித்தார். அதில் தாலியம் இல்லவே இல்லை.

போலீஸ் கட்டிய கதையில் கோகோவும் போச்சு, ஐந்தாவது கொலையும் போச்சு. பிள்ளைகளுக்கு யார் கொடுத்தது என்று லேப்பால் சொல்ல முடியாது, கெட்லர் சொல்லவும் இல்லை. கிராஸ் விடுவிக்கப்பட்டார். போலீஸ் எதிர்பார்த்த பதிலைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதைச் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

அதே வருஷம் செப்டம்பரில் நோரிஸ் இறந்தார். கெட்லர் இன்னும் 23 வருஷம் அதே வேலையில் இருந்தார். அவரிடம் படித்த மாணவர்கள் அமெரிக்காவின் பல நகரங்களுக்குப் போய் லேப்களை எடுத்து நடத்தினார்கள், அவர்களுக்குக் கெட்லர் பையன்கள் என்றே பெயர். தன் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேஸ்களைப் பார்த்தார் என்பார்கள். 1959 தொடக்கத்தில், 75 வயதில் ஓய்வு பெற்றார். 1968ல் காலமானார். அமெரிக்கத் தடயவியல் அகாடமியின் நச்சியல் பிரிவு இன்றும் அவர் பெயரில் ஒரு விருது கொடுத்து வருகிறது, வேதியியல் பகுப்பாய்வில் நல்ல வேலை செய்தவர்களுக்கு.